மர்ச்சிசன் பூங்கா பேக்கேஜ்: முன்பணம் கட்டும் முன் என்ன கேட்க வேண்டும்?

கேள்வி: நான் உகாண்டாவின் கம்பாலாவில் வேலை அனுமதியோடு இருக்கிறேன். ஜனவரியில் ஊரிலிருந்து அப்பா, அம்மா வருகிறார்கள். இருவருக்கும் 60 தாண்டிவிட்டது. மர்ச்சிசன் ஃபால்ஸ் தேசியப் பூங்காவுக்கு இரண்டு இரவு பேக்கேஜ் ஒன்றை ஓர் ஏஜென்ட் சொல்கிறார். மூவருக்கும் தலைக்கு ஒரே விலை, எல்லாம் அதில் அடக்கம் என்கிறார். விளம்பரத் தாளில் யானை, வரிக்குதிரை, காண்டாமிருகம் எல்லாம் இருக்கின்றன. முன்பணம் கட்டலாமா?

பதில்: கொஞ்சம் பொறுங்கள். இடம் அருமையானது, ஜனவரியும் நல்ல மாதம்தான். மழை குறைவதால் விலங்குகள் ஆற்றோரம் வந்துவிடும். விலைச்சீட்டைத்தான் பிரித்துப் பார்க்க வேண்டும்.

முதலில் நுழைவுக் கட்டணம். உகாண்டா வனவிலங்கு ஆணையம் வெளிநாட்டுச் சுற்றுலாப் பயணிகளிடம் வாங்குவதைவிட, அங்கே அனுமதியோடு வசிக்கும் வெளிநாட்டவரிடம் குறைவாகவே வாங்குகிறது. நீங்கள் இரண்டாவது வகை. மூவருக்கும் ஒரே விலை என்றால் அந்த வித்தியாசம் எங்கே போகிறது? கேளுங்கள், வேலை அனுமதியின் நகலையும் எடுத்துப்போங்கள். அப்புறம், இந்தக் கட்டணம் 24 மணி நேரத்துக்குத்தான். முதல் நாள் நண்பகலில் உள்ளே போய், மறுநாள் காலை சஃபாரி, பிற்பகல் படகு என்று திட்டம் போட்டால் இரண்டாவது கட்டணம் வந்துவிடும். எத்தனை நாள் கட்டணம் சேர்ந்திருக்கிறது என்று எழுதி வாங்காவிட்டால் வாசலில் நின்று வாக்குவாதம் செய்ய வேண்டியிருக்கும்.

இந்தப் பூங்காவில் காசுக்கு மதிப்பு படகில்தான். பூங்காவுக்குள் உள்ள பரா படகுத்துறையிலிருந்து கிளம்பி நைலின் நீரோட்டத்துக்கு எதிராக அருவியை நோக்கிப் போகும். கரை நெடுக நீர்யானைகள், முதலைகள், தண்ணீர் குடிக்க இறங்கும் யானைகள். போக இரண்டு மணி நேரம், திரும்ப ஒரு மணி நேரம் ஆகும். ஆனால் படகு அருவிக்குச் சற்றுத் தள்ளியே நின்றுவிடும். அத்தனை பெரிய ஆறு சுமார் 7 மீட்டர் இடுக்கில் நெருங்கிப் புகுந்து 43 மீட்டர் கீழே விழுவதை மேலே நின்று பார்க்காமல் வருவது பாதிப் பயணம்தான். படகிலிருந்து இறங்கி மலையேறும் பாதை உண்டு. வெயிலில் செங்குத்தாக ஏற வேண்டும், உங்கள் பெற்றோருக்கு வேண்டாம். உச்சிக்குக் காரிலேயே போகலாம். அந்த ஓட்டமும் விலையில் இருக்கிறதா என்று கேளுங்கள். பொதுப் படகா, தனிப் படகா என்பதும் தெரிய வேண்டும். நைல் ஆல்பர்ட் ஏரியில் கலக்கும் முகத்துவாரம் பக்கம் போகும் படகு வேறு. அது ஷூபில் என்ற பெரிய அலகுப் பறவையைத் தேடிப் போகிறவர்களுக்கு.

விளம்பரப் படங்களை நம்ப வேண்டாம். மர்ச்சிசனில் வரிக்குதிரை கிடையாது. அதற்கு ம்புரோ ஏரிப் பூங்காவுக்கோ கிடெப்போவுக்கோ போக வேண்டும். காண்டாமிருகத்தைப் பார்ப்பது வழியிலுள்ள ஸீவா சரணாலயத்தில். அதற்குத் தனிக் கட்டணம், நடந்துதான் பார்க்க வேண்டும். ஒட்டகச்சிவிங்கி மட்டும் நைலின் வடகரையில் கூட்டம் கூட்டமாக நிற்கும். அங்கேயே பெட்ரோலிய எண்ணெய் எடுக்கும் வேலையும் நடப்பதால் கனரக வண்டிகள் கண்ணில் பட்டால் திகைக்க வேண்டாம்.

வடகரை விடுதிதான் வேண்டும் என்று சொல்லிக் கூடுதலாகக் கேட்டால் மறுத்துவிடுங்கள். ஆற்றைக் கடக்க ஃபெர்ரிக்குக் காத்திருந்த காலத்துப் பேச்சு அது. இப்போது பராவில் பாலமே இருக்கிறது. சைவ உணவு வேண்டுமென்றால் விடுதிக்கு முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

கடைசியாக, பெற்றோருக்கு மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசி. உகாண்டாவுக்குள் நுழைய அந்தச் சான்றிதழ் வேண்டும். அது இல்லாமல் இந்தியா திரும்பினால் தனிமைப்படுத்திவிடுவார்கள். ஊசி போட்ட 10 நாள் கழித்துத்தான் சான்றிதழ் செல்லும். 60 தாண்டியவர்களுக்குப் பக்கவிளைவு ஆபத்து சற்று அதிகம் என்பதால் மருத்துவரைப் பார்த்துவிட்டே போட வேண்டும். அவர் வேண்டாம் என்றால் பயணமே மாறிப்போகும். ஆகவே அந்த முடிவு தெரிந்த பிறகு முன்பணத்தைப் பற்றிப் பேசுங்கள்.