கூரை ஒழுகவில்லை, மூச்சுதான்

கனடாவின் அல்கோன்குவின் பூங்காவில் அக்டோபரில் மழையில்லாத இரவிலும், படுத்துறங்க நீங்கள் மாற்றியமைத்த 6×12 அடி டிரெய்லருக்குள் மெத்தையின் அடிப்பக்கம் நனைந்துவிட்டது என்கிறீர்கள். கூரையைக் குறை சொல்லாதீர்கள். உள்ளே உறங்கிய நால்வர் விட்ட மூச்சின் ஈரம்தான் அது. சுவருக்குக் குளிர் தடுக்கும் நுரைப்பலகை (ஃபோம்) ஒட்டிய நீங்கள் இரும்புச் சட்டங்களை வெறுமையாக விட்டிருக்கிறீர்கள். குளிர்ந்த இரும்பில் அந்த ஈரம் படியும். விடியற்காலையில் தொட்டுப் பாருங்கள், முத்து முத்தாகத் தண்ணீர் நிற்கும். சட்டங்களின்மேலும் அரை அங்குல நுரைப்பலகை ஒட்டிவிட்டு ஒட்டுப்பலகை (பிளைவுட்) அடியுங்கள். கூரையில் 14 அங்குலச் சதுரத் துளையில் விசிறி பொருத்தி, குளிரானாலும் மெதுவாக ஓடவிடுங்கள். எதிர்முனை ஜன்னல் இரண்டு விரல் அகலம் திறந்திருக்கட்டும். மெத்தைக்கடியில் முழுப் பலகைக்குப் பதில் இடைவெளி விட்ட மரச்சட்டங்கள்.

உள்ளே வைத்திருக்கும் கையடக்க புரொப்பேன் எரிவாயு ஹீட்டரை வெளியே எடுத்துவிடுங்கள். எரிய எரிய நீராவியைக் கக்கும். கார்பன் மோனாக்சைடு என்ற நச்சுவாயு வேறு. குழந்தைகள் உறங்கும் பெட்டி அந்த டிரெய்லர்.