வெறும் புகை என்று விட முடியுமா?

கேள்வி: பீரங்கியால் சுடும் புகைக் குண்டு, படைகளை எதிரியின் கண்ணிலிருந்து மறைக்கத்தானே? அதைத் தீக்குண்டு போலப் பேசுவது மிகையில்லையா?

பதில்: மிகையே இல்லை. வெள்ளைப் பாஸ்பரஸ் நிரப்பிய குண்டில் இருப்பது நெருப்பு. புகை, அந்த நெருப்பு கக்குவது.

அமெரிக்காவின் எம்825ஏ1 என்ற 155 மி.மீ. குண்டைப் பாருங்கள். பாஸ்பரஸில் ஊறவைத்த 116 ஃபெல்ட் (இழைகளை அழுத்திச் செய்த தடித்த துணி) துண்டுகள் அதற்குள் அடுக்கியிருக்கும். வானத்திலேயே குண்டு பிளந்து அவற்றைக் கொட்டிவிடும். சுமார் 30 டிகிரி செல்சியஸிலேயே, காற்றுப் பட்டால் போதும், பாஸ்பரஸ் தானாகப் பற்றிக்கொள்ளும். எரிந்து வரும் ஆக்சைடு காற்றின் ஈரத்தைக் குடித்துப் பாஸ்பாரிக் அமிலத் துளிகளாகிறது. கண்ணையும் தொண்டையையும் அரிக்கும் அந்த வெண்புகை இதுதான்.

ஃபெல்ட் எதற்கு? பழைய குண்டுகளில் பாஸ்பரஸை மொத்தமாக நிரப்பி வெடித்தார்கள். ஒரேயடியாக எரிந்ததில் சூடேறிய புகை தூணாக மேலே எழும்பிவிடும், தரை மறையாது. துண்டுகளோ பரவலாக விழுந்து நிமிடக்கணக்கில் நின்று எரியும். மறைப்பு எவ்வளவு நன்றாக அமைகிறதோ, நெருப்பும் அவ்வளவு அகலமாகச் சிதறுகிறது. கீழே வயல்வெளி இருந்தாலும் குடியிருப்பு இருந்தாலும் இதுதான் கதி. 2009 ஜனவரி 15 அன்று காசாவில் ஐ.நா. நிவாரண முகமையின் தலைமை வளாகத்தில் இது விழுந்து, கிடங்கிலிருந்த உணவும் மருந்தும் எரிந்துபோயின.

உங்கள் வாதம் சட்டத்திலும் இருக்கிறது. 1980ஆம் ஆண்டு ஆயுத உடன்படிக்கையின் மூன்றாம் நெறிமுறை, எரிப்பதையே முதல் நோக்கமாகக் கொண்டு வடிவமைத்ததைத்தான் தீயாயுதம் என்கிறது. புகைக் குண்டை வெளியே விட்டுவிடுகிறது. எரிந்தவர்களைப் பார்க்காமல் பெயரைப் பார்க்கும் இந்த ஓட்டையை அடைத்தே ஆக வேண்டும்.

அணைந்ததுபோல் மேலே கருகிக் கிடக்கும் துண்டைச் சிறுவன் ஒருவன் காலால் உதைத்தால் உடைந்து மறுபடி பற்றும். உடம்பில் ஒட்டினால் எலும்புவரை போகும். காயத்தை நனைந்த துணியால் மூடி, ஈரம் காயாமல் வைத்திருக்க வேண்டும். எண்ணெய்ப் பசையுள்ள களிம்பு கூடவே கூடாது. பாஸ்பரஸ் அதில் கரைந்து உடம்புக்குள் இறங்கும். இரத்தத்தில் கால்சியம் குறைந்து இதயத் துடிப்பு தடுமாறும் என்பதால், சிறிய காயமானாலும் மருத்துவமனையில் கண்காணிக்கிறார்கள். அங்கே அறை விளக்கை அணைத்தால் சதைக்குள் மிச்சமிருக்கும் துணுக்கு மங்கலாக ஒளிரும். அதை இடுக்கியால் எடுத்ததும் தண்ணீருக்குள் போட்டுவிட வேண்டும்; மேசைமேல் வைத்தால் அங்கேயே எரியத் தொடங்கும்.