23 மில்லிமீட்டர் என்றால் படுத்தே கிடக்க வேண்டுமா?

கேள்வி: அக்கா, எனக்கு வயது 28. முதல் குழந்தை, இப்போது 21 வாரம். வீடு புக்கிட் மெர்தாஜாமில், வேலை பாயான் லெப்பாஸ் ஃபேக்டரியில். போன வாரம் தனியார் கிளினிக்கில் டீட்டேல் ஸ்கேன் எடுத்தபோது கர்ப்பப்பை வாய் 23 மில்லிமீட்டர்தான், நீளம் குறைவு என்றார் டாக்டர். இரவில் பெண்ணுறுப்புக்குள் வைக்க புரோஜெஸ்டிரோன் என்ற ஹார்மோன் மருந்து கொடுத்திருக்கிறார். உள்ளே வைத்தால் குழந்தைக்கு ஆகாது என்று மாமியார் தடுக்கிறார். மோட்டார் சைக்கிளில் போனதால்தான் இப்படி ஆனது, இனி கட்டிலை விட்டு இறங்காதே என்கிறார். பிரசவ லீவை இப்போதே எடுத்துவிடலாமா? ஏழாம் மாதம் வளைகாப்பு முடித்துக் கேமரன் மலையில் அம்மா வீட்டுக்குப் போவதாக இருந்தேன். எனக்குப் பயமாக இருக்கிறது.

பதில்: தங்கச்சி, முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். இன்று இரவே அந்த மருந்தை வையுங்கள். மற்றதை அப்புறம் பேசலாம்.

கர்ப்பப்பையின் கீழ்ப்பகுதி கழுத்துபோலக் குறுகி இறங்குகிறது. அதன் உள்வாயிலிருந்து வெளிவாய் வரை உள்ள தூரத்தைத்தான் ஸ்கேனில் அளந்திருக்கிறார்கள். ஐந்தாம் மாதவாக்கில் பொதுவாக 35 முதல் 40 மில்லிமீட்டர் வரை இருக்கும். 24 வாரத்துக்குள் 25-க்குக் கீழே போனால் குறுகியது என்று கணக்கு. உங்களுடையது அந்தக் கோட்டுக்குக் கொஞ்சம் கீழே இருக்கிறது. பிரசவம் முன்கூட்டியே வரும் வாய்ப்பு மற்றவர்களைவிட உங்களுக்குக் கூடுதல், அவ்வளவுதான் இதற்கு அர்த்தம். வந்தே தீரும் என்று எந்த டாக்டரும் இந்த எண்ணை வைத்துச் சொல்ல முடியாது.

அளந்த விதமும் முக்கியம். வயிற்றின் மேலே வைத்து அளந்தார்களா, உள்ளே கருவி வைத்து அளந்தார்களா என்று நீங்கள் எழுதவில்லை. நம்பகமானது உள்ளே வைத்து எடுப்பதுதான். அதற்கு முன் சிறுநீர் கழித்துவிட வேண்டும், ஏனென்றால் நிரம்பிய சிறுநீர்ப்பை அழுத்தி வாயை நீளமாகக் காட்டிவிடும். கருவியை அழுத்திப் பிடித்தாலும் அதே கதைதான். அவசரப்படாமல் சில நிமிடம் பார்த்து, மூன்று முறை அளந்து, அதில் சரியாக வந்தவற்றுள் குறைந்த அளவை எடுப்பதுதான் முறை. உள்வாய் புனல்போல விரிந்திருக்கிறதா என்பதையும் கவனிப்பார்கள். கருவி பெண்ணுறுப்போடு நின்றுவிடும், கர்ப்பப்பை வாய்க்குள் போகாது. குழந்தையைத் தொடுவதற்கு வழியே இல்லை. பிரசவ வார்டில் மிஸ்ஸியாக, அதாவது நர்ஸாக, இருந்த காலத்தில், வெட்கப்பட்டு இந்த ஸ்கேனே வேண்டாம் என்று எழுந்து போன பெண்களைப் பார்த்திருக்கிறேன். அதை நினைத்தால் இன்றும் மனசு கனக்கும். கூச்சமாக இருந்தால் பெண் டாக்டரைக் கேளுங்கள், ஆனால் ஸ்கேனை விட்டுவிடாதீர்கள். ஒரு வாரத்திலோ இரண்டு வாரத்திலோ மறுபடி அளக்கச் சொல்லுங்கள்.

மருந்து விஷயத்தில் உங்கள் மாமியாரிடம் இந்தக் கணக்கைச் சொல்லுங்கள். வயிற்றில் ஒரே குழந்தை, வாய் 25 மில்லிமீட்டர் அல்லது அதற்கும் குறைவு என்றிருந்த 974 பெண்களின் விவரங்களை, ஐந்து ஆய்வுகளிலிருந்து திரட்டி 2018-ல் வெளியிட்டார்கள். புரோஜெஸ்டிரோன் கிடைக்காதவர்களில் நூற்றுக்கு 22 பேருக்கு 33 வாரத்துக்கு முன்பே பிரசவம் ஆனது. அதை உள்ளே வைத்தவர்களில் 14 பேருக்குத்தான். இன்னொன்றையும் பாருங்கள்: மருந்தே இல்லாதவர்களில்கூட 78 பேர் 33 வாரத்தைத் தாண்டியிருக்கிறார்கள். பயத்தில் இருக்கும்போது இந்தப் பாதிக் கணக்கு கண்ணில் படுவதில்லை. விழுங்கும் மாத்திரையாக மாற்றித் தரச் சொல்லாதீர்கள். இந்தப் பலன் உள்ளே வைக்கும் மருந்துக்கானது. காலையில் வெள்ளையாகக் கொஞ்சம் கசியும், அது மருந்தின் மிச்சம். டாக்டர் நிறுத்தச் சொல்லும் வரை, பெரும்பாலும் 36 வாரம் வரை, ஒரு நாளும் விடாமல் வையுங்கள்.

கர்ப்பப்பை வாயில் தையல் போடுவதையும் கேள்விப்பட்டிருப்பீர்கள். 1955-ல் அதை எழுதிவைத்தவர் பம்பாய் டாக்டர் ஷிரோத்கர். முன்பு குறைப்பிரசவம் ஆனவர்களுக்கும், வாய் திறக்கத் தொடங்கியவர்களுக்கும்தான் பெரும்பாலும் அது. முதல் பிரசவத்தில் 23 மில்லிமீட்டருக்கு உடனே தையல் பேச்சு வராது. கர்ப்பப்பை வாயில் முன்பு ஏதாவது ஆபரேஷன் நடந்திருந்தால் மட்டும் டாக்டரிடம் மறைக்காமல் சொல்லுங்கள்.

மோட்டார் சைக்கிளில் போனதால் வாய் குறுகாது. நீங்கள் செய்த எதனாலும் இது வரவில்லை. கட்டிலிலேயே கிடப்பது குறைப்பிரசவத்தைத் தடுக்கும் என்று எந்த ஆய்விலும் தெரியவில்லை. மாறாகக் காலில் இரத்தம் கட்டலாம், தசை தளரும், மனசும் சோர்ந்துபோகும். சமையுங்கள், நடங்கள், கோயிலுக்குப் போங்கள். 12 மணி நேரம் நின்று செய்யும் ஷிப்ட், பாரம் தூக்குவது, இரவு ஓவர்டைம், இவற்றைக் குறைக்க டாக்டரிடம் கடிதம் வாங்கி ஃபேக்டரியில் கொடுங்கள். தேவைப்பட்டால் எம்.சி. (மருத்துவ விடுப்புச் சான்று) தருவார். 98 நாள் பிரசவ விடுப்பு, பிரசவத்துக்கு 30 நாளுக்கு முன்பு தொடங்க முடியாது. அது குழந்தை பிறந்த பிறகு உங்களுக்கு அவசியம் வேண்டும், பத்திரமாக வைத்திருங்கள்.

கிளினிக் ரிப்போர்ட்டை, கர்ப்பகால விவரம் எழுதும் பிங்க் புத்தகத்தோடு கொண்டுபோய் அரசாங்கச் சுகாதார நிலையமான கிளினிக் கெசிஹாத்தானில் காட்டி, 23 என்ற எண்ணை அதில் எழுதச் சொல்லுங்கள். ஏதாவது ஆனால் எந்த ஆஸ்பத்திரிக்குப் போவது என்றும் கேட்டு வையுங்கள். செபராங் ஜெயா ஆஸ்பத்திரி உங்களுக்குப் பக்கம், பாலம் தாண்ட வேண்டியதில்லை. அடிவயிறு விட்டுவிட்டு இறுகுவது, இடுப்புவலி வந்து வந்து போவது, கீழே ஏதோ அழுத்துவது, தண்ணீர்போலக் கசிவது, இரத்தம் படுவது, இதில் எது வந்தாலும் காலைவரை காத்திருக்காதீர்கள். குழந்தை முந்திக்கொண்டால் நுரையீரல் பக்குவப்பட உங்களுக்கு ஸ்டீராய்டு ஊசி போடுவார்கள். பிரசவத்துக்கு முன்பே அது உடம்பில் ஏறியிருந்தால்தான் பலன், அதனால்தான் சீக்கிரம் வரச் சொல்கிறேன்.

வளைகாப்பை நிறுத்த வேண்டாம். ஆனால் இந்த முறை அதைப் புக்கிட் மெர்தாஜாமிலேயே வையுங்கள். ஏழாம், எட்டாம் மாதங்களில் கேமரன் மலையில் இருந்துகொண்டு, நடு இரவில் வலி வந்தால் அந்த வளைவுப் பாதையில் இறங்கி ஈப்போ வரை ஓட வேண்டியிருக்கும். அம்மா வீட்டுக்குப் போகும் ஆசை எனக்குப் புரிகிறது. அம்மாவை இறங்கி வந்து உங்களோடு இருக்கச் சொல்லுங்கள். மாமியாரையும் அடுத்த ஸ்கேனுக்குக் கூட்டிப்போங்கள், அவருக்கு இருக்கும் சந்தேகங்களை டாக்டரிடமே நேராகக் கேட்கட்டும்.