சிம்பா ஏன் குட்டையாகத் தெரிகிறான்?

கேள்வி: 1994இல் வந்த ‘தி லயன் கிங்’ விளையாட்டின் டாஸ் (விண்டோஸுக்கு முந்தைய இயங்குதளம்) பதிப்பைப் பழைய வட்டிலிருந்து நகலெடுத்து வைத்திருக்கிறேன். விண்டோஸ் 11 மடிக்கணினியில் அது திறக்கவில்லை. பழைய டாஸ் கணினியைப் போல நடந்துகொள்ளும் டாஸ்பாக்ஸ் நிரலில் திறந்தால் சிம்பா குட்டையாகத் தெரிகிறான், ஒலியும் திக்கித் திக்கி வருகிறது. என்ன செய்யலாம்?

பதில்: வட்டிலும் மடிக்கணினியிலும் பழுதில்லை. 64 பிட் விண்டோஸ் 16 பிட் டாஸ் நிரல்களை இயக்குவதில்லை என்பதால், நீங்கள் பிடித்த டாஸ்பாக்ஸ் வழியே சரியானது. அதில் படம், வேகம் ஆகிய இரண்டின் அமைப்புகளை மட்டும் மாற்ற வேண்டும்.

முதலில் படம். அக்கால டாஸ் விளையாட்டுகள் 320க்கு 200 புள்ளிகளில் வரையப்பட்டாலும், 4:3 வடிவிலான கண்ணாடித் திரை அந்த 200 வரிகளை 240 வரிகளின் உயரத்துக்கு இழுத்துக் காட்டியது. இன்றைய திரையில் ஒவ்வொரு புள்ளியும் சதுரமாக இருப்பதால் அந்த உயரம் குறைந்துவிடுகிறது. டாஸ்பாக்ஸின் அமைப்புக் கோப்பில் ‘ரெண்டர்’ பகுதியிலுள்ள ‘ஆஸ்பெக்ட்’ என்பதை ‘ட்ரூ’ என்றும், ‘எஸ்டிஎல்’ பகுதியிலுள்ள ‘அவுட்புட்’ (வெளியீடு) என்பதை ‘ஓபன்ஜிஎல்’ என்றும் மாற்றுங்கள். டிஸ்னியின் ஓவியர்கள் கையால் வரைந்த அசைவுகளை நசுங்கிய உருவில் பார்ப்பதைவிட, பக்கவாட்டில் கறுப்புப் பட்டை இருப்பது எவ்வளவோ மேல்.

அடுத்தது வேகம். டாஸ்பாக்ஸ் சாளரத்தின் தலைப்பில் 3000 சைக்கிள் (டாஸ்பாக்ஸ் இயங்கும் வேகத்தின் அளவு) என்று இருந்தால், அது 386 வகைக் கணினிகளின் தொடக்ககால வேகத்துக்கு ஒப்பானது. அதற்கடுத்த தலைமுறையான 486 கணினிகள் பரவியிருந்த காலத்து விளையாட்டுக்கு அது போதாது, ஒலி திக்குவதற்கும் பெரும்பாலும் அதுவே காரணம். கன்ட்ரோலுடன் எஃப்12ஐ அழுத்தி, 12,000 முதல் 25,000 வரை படிப்படியாக ஏற்றிப் பாருங்கள். மிகையானால் எஃப்11 குறைக்கும். பிறகும் ஒலி வராவிட்டால், விளையாட்டின் ஒலி அமைப்பில் அக்கால ஒலி அட்டையான சவுண்ட் பிளாஸ்டரைத் தேர்ந்து, முகவரி 220, ஐஆர்கியூ 7, டிஎம்ஏ 1 எனக் கொடுங்கள்.

டிஜிட்டல் எக்லிப்ஸ் உருவாக்கி 2019இல் வெளிவந்த தொகுப்பை வாங்கலாமா என்று நினைப்பீர்கள். தவறான தாவலைப் பின்னோக்கிச் சுழற்றித் திருத்தும் வசதி அதில் உண்டு, ஆனால் அதிலிருப்பவை செகா, நின்டெண்டோ கருவிகளுக்கான பதிப்புகள். நீங்கள் வைத்திருக்கும் டாஸ் பதிப்பு அல்ல. இரண்டாம் கட்டத்தில் குரங்குகள் சிம்பாவைத் தப்பான பக்கம் வீசினால், வேகத்தைக் குறை சொல்லாதீர்கள்: இளஞ்சிவப்புக் குரங்குகளை நோக்கிக் கர்ஜித்தால்தான் அவை திசை திரும்பும்.