கணைக்கால் வலியோடு 1.6 கி.மீ. ஓட்டத்துக்கு மூன்று மாதத்தில் தயாராக முடியுமா?

கேள்வி: காரைக்குடி பக்கம் கிராமம். ராணுவ அக்னிவீர் ஆள்சேர்ப்புக்கு மூன்று மாதம் இருக்கிறது. 1.6 கி.மீ. ஓட ஆறு நிமிடம் ஆகிறது, பீம் (கம்பியில் தொங்கி உடம்பை மேலே இழுப்பது) ஐந்துதான் வருகிறது. ஓடினால் கணைக்கால் வலி. என்ன செய்யலாம்?

பதில்: முடியும் தம்பி. ஆனால் இப்போதைக்கு வேகத்தைத் தொடாதீர்கள், முதலில் காலைப் பாருங்கள். கணைக்கால் எலும்பின் உள்விளிம்பை விரலால் அழுத்துங்கள். ஒரு சாண் நீளத்துக்குப் பரவலாக வலித்தால், பெரும்பாலும் ஓட்டத்தைத் திடீரெனக் கூட்டியதால் வந்தது. காசளவு இடத்தில் மட்டும் சுள்ளென்று குத்தினாலோ, ராத்திரி படுத்த பிறகும் வலித்தாலோ எலும்பில் கீறல் விழுந்திருக்கலாம். அன்றே ஓட்டத்தை நிறுத்தி எலும்பு மருத்துவரிடம் போங்கள். முதல் இரண்டு மூன்று வாரம் இந்தக் கீறல் எக்ஸ்ரேயில் தெரியாமலே போகலாம். 'எக்ஸ்ரே நார்மல்' என்று நம்பி மறுபடி ஓடித்தான் பல பையன்கள் வாய்ப்பை இழக்கிறார்கள். மூச்சு சில வாரத்தில் பழகிவிடும், எலும்பு பழக மாதக்கணக்கில் ஆகும்.

ஓடும் இடமும் முக்கியம். நம் பக்கத்துச் செம்மண் பொட்டல் கோடையில் தார்ரோடு மாதிரி இறுகிவிடும், மேலே கிடக்கும் சரளை கணுக்காலைப் புரட்டும். கண்மாய்க்கரையில் தட்டையான மேல்பாதை நல்லது. சரிவில் ஓடினால் ஒரு காலுக்கே பாரம் ஏறும். வற்றிய கண்மாய்க்குள் வெடிப்பில் கால் மாட்டும், வேண்டாம்.

பரவலான வலிதான் என்றால் அது அடங்கும்வரை சைக்கிள் மட்டும். பிறகு மூன்று வாரம், வாரத்துக்கு நாலு நாள், பேசிக்கொண்டே ஓடக்கூடிய வேகத்தில் 3 கி.மீ. வாசல்படி விளிம்பில் ஒற்றைக் காலில் நின்று குதிகாலை ஏற்றி இறக்குங்கள்: 15 தடவை, மூன்று சுற்று. கெண்டைக்கால் பலப்பட்டால் எலும்புக்குப் போகும் அதிர்ச்சி குறையும்.

அதன்பிறகு வேகம். 2025 அறிவிப்பின்படி 5 நிமிடம் 30 நொடிக்குள் வந்தால் 60 மதிப்பெண், 5:45 வரை 48. ஆறே கால் நிமிடம் வரை தேர்ச்சி உண்டு, ஆனால் 24தான். 5:30 என்றால் 400 மீட்டர் சுற்று ஒன்றுக்கு 82 நொடி. வாரம் இரண்டு நாள் ஆறு சுற்று, நடுவில் இரண்டு நிமிட நடை. 88 நொடியில் தொடங்கி மெல்லக் குறையுங்கள். தூரத்தை டேப் வைத்தே அளங்கள், பைக் மீட்டரை நம்பாதீர்கள். முகாமில் கூட்டத்தோடு பாய்ந்து முதல் சுற்றை 70 நொடியில் முடிப்பவர்களுக்கு மூன்றாவது சுற்றில் கால் கனத்துவிடும்.

பீம் பத்துக்கு 40 மதிப்பெண், ஆறுக்கு 16. ஸ்டூல் போட்டு மேலே ஏறி, ஐந்து நொடி எடுத்து மெதுவாக இறங்குங்கள்: ஐந்து தடவை, நாலு சுற்று, ஒருநாள் விட்டு ஒருநாள். கையை முழுசாக நீட்டித் தொங்கி, ஆட்டமில்லாமல் தாடையைக் கம்பிக்கு மேலே கொண்டுபோனால்தான் கணக்கு. ஓட்டம் முடிந்த களைப்பிலும் வாரம் ஒருநாள் பீம் அடித்துப் பழகுங்கள்.

தேர்வான பிறகும் குதிகால் பயிற்சியை விட்டுவிடாதீர்கள். பயிற்சி மையத்தில் பூட்ஸ் போட்டு டிரில், படைப்பிரிவுக்குப் போனால் துப்பாக்கியும் சுமையுமாக ஓட்டம். அங்கேயும் முதலில் அடிவாங்குவது கணைக்கால்தான்.