அமெரிக்காவில் ஜாக்கி (பந்தயக் குதிரை ஓட்டுபவர்) ஊழியரா, ஒப்பந்தக்காரரா?

பெரும்பாலான மாநிலங்களில் தனி ஒப்பந்தக்காரர்தான். ஒரே பிற்பகலில் ஒரு ஜாக்கி வெவ்வேறு உரிமையாளர்களின் குதிரைகளில் ஏறுகிறார். எந்தச் சவாரியை ஏற்பது என்பதை அவரும் அவருடைய ஏஜென்ட்டும் முடிவு செய்கிறார்கள். மாதச் சம்பளம் கிடையாது. சவாரிக் கட்டணம் உண்டு. வென்றால், உரிமையாளருக்குக் கிடைக்கும் பரிசுத் தொகையில் வழக்கமாக 10 சதவீதம். ஏஜென்ட்டின் பங்கு அதிலிருந்துதான் போகும். சமூகப் பாதுகாப்பு (அரசு ஓய்வூதியம்), மெடிகேர் (முதியோர் மருத்துவக் காப்பீடு) வரிகளில் முதலாளி கட்டவேண்டிய பாதியும் ஜாக்கியின் தலையில்தான் விழுகிறது.

குதிரையை எப்படி ஓட்டவேண்டும் என்று பயிற்சியாளர் உத்தரவிடுவதால், இவர் ஊழியர்தானே என்ற வாதம் எழுவது நியாயமே. விழுந்து முதுகெலும்பு முறியும்போதுதான் இக்கேள்வியின் உண்மையான கனம் தெரியும்: வேலையில் காயமடைந்தால் ஊழியருக்குக் கிடைக்கும் தொழிலாளர் இழப்பீடு ஒப்பந்தக்காரருக்குப் பொதுவாகக் கிடையாது.

நியூயார்க் இதற்கு நல்ல வழி கண்டது. அங்கே 1990இல் ஜாக்கிகளுக்கென ஒரு காய இழப்பீட்டு நிதியம் உருவானது. இழப்பீட்டுச் சட்டத்தின் நோக்கத்துக்கு மட்டும், ஜாக்கி அந்த நிதியத்துக்கும் மாநிலத்தில் உரிமம் பெற்ற எல்லா உரிமையாளர்களுக்கும் பயிற்சியாளர்களுக்கும் ஊழியராகக் கருதப்படுகிறார். ஒவ்வொரு பந்தயத்திலும் பின்னாலேயே ஆம்புலன்ஸ் ஓடும் தொழிலில், எல்லா மாநிலங்களும் குறைந்தபட்சம் இதையாவது செய்தாக வேண்டும்.