வங்கி சரியென்றால் வீடு சரியா? – வாசகர் கேள்வி பதில்

கேள்வி: சென்ற தை மாதம் எங்களுக்குத் திருமணம் ஆனது. நான் தனியார் பள்ளி ஆசிரியை. கணவர் அருவங்காட்டில் வேலை பார்க்கிறார். குன்னூரில் நாலு சென்ட் மனையில் பதினைந்து ஆண்டுப் பழைய வீடு ஒன்று 42 லட்சத்துக்கு வருகிறது. வீட்டுக்காரப் பெரியவர் தம் சம்பாத்தியத்தில் கட்டியது. அவர் காலமாகிவிட்டதால் மகன்கள் இருவரும் விற்கிறார்கள். அவர்களுடைய அக்காவுக்குக் கல்யாணத்தின்போதே எல்லாம் செய்தாகிவிட்டது, அதனால் பிரச்சினை இல்லை என்கிறார் தரகர். பக்கத்து வீட்டுக்கு வங்கி கடன் கொடுத்திருக்கிறது, இதற்கும் கிடைத்துவிடும், இந்த வாரமே ஐந்து லட்சம் முன்பணம் கொடுத்து இருபது ரூபாய் முத்திரைத்தாளில் எழுதிக்கொள்ளுங்கள் என்றும் அவசரப்படுத்துகிறார். என் நகைகளை விற்றுத்தான் முன்பணம் கட்டப்போகிறோம். பத்திரம் கணவர் பெயரில் மட்டும் இருந்தால் போதும் என்று மாமியார் வீட்டில் சொல்கிறார்கள். நாங்கள் என்ன செய்வது? – வாசகி, குன்னூர்.

பதில்: இந்த வாரம் முன்பணம் கொடுக்காதீர்கள். வீடு பிடித்திருக்கிறது என்பதை விற்பவர்களிடம் வெளிப்படையாகச் சொல்லுங்கள். ஆவணங்களைப் பார்த்து முடிக்க ஒரு மாத அவகாசம் கேளுங்கள். அந்த ஒரு மாதத்தைக்கூடத் தர மனமில்லாதவர்களிடம் இருபது ஆண்டுக் கடனை நம்பி வீடு வாங்குவது சரியாகாது.

முதலில் அந்த அக்காவின் விஷயத்தைப் பார்ப்போம், ஏனென்றால் உங்கள் கடிதத்தில் எனக்கு மிகுந்த கவலை தந்த வரி அதுதான். பெரியவர் உயில் எழுதாமல் காலமாகியிருந்தால், அவருடைய சுயசம்பாத்தியச் சொத்து 1956-ஆம் ஆண்டின் இந்து வாரிசுரிமைச் சட்டப்படி அவருடைய மனைவி, மகன்கள், மகள், தாயார் இருந்தால் அவர் என அனைவருக்கும் சமமாகப் போகும். கல்யாணத்துக்குச் செய்த சீரும் போட்ட நகையும் அந்தப் பங்கை அழித்துவிடாது. வாரிசுச் சான்றிதழை வாங்கிப் பாருங்கள். அதில் பெயர் உள்ள ஒவ்வொருவரும் கிரயப் பத்திரத்தில் கையெழுத்திட வேண்டும், அல்லது தம் பங்கை விட்டுக்கொடுத்து விடுதலைப் பத்திரம் பதிவு செய்திருக்க வேண்டும். உயில் இருக்கிறது என்று சொன்னால் அதன் மூலத்தை வழக்கறிஞர் பார்க்கட்டும். அக்காவை நேரில் சந்தித்துப் பேசுவதில் கூச்சம் வேண்டாம். அவர் மனமுவந்து கையெழுத்திடுகிறாரா என்பது ஐந்து நிமிடப் பேச்சிலேயே தெரிந்துவிடும்.

அடுத்தது, வங்கியைப் பற்றிய நம்பிக்கை. புதிதாக மணமான தம்பதியர் பலரும் 'வங்கியே பார்த்துக் கடன் கொடுத்துவிட்டது, இனி நமக்கென்ன' என்று இருந்துவிடுகிறார்கள். வங்கியின் வழக்கறிஞர் வங்கியின் பணத்துக்காகப் பார்க்கிறார். அந்தப் பணத்துக்கு வீடு மட்டுமல்ல, உங்கள் இருவரின் சம்பளமும் பிணை. நாளை உரிமை வழக்கில் வீடு கைவிட்டுப் போனாலும் கடன் உங்களை விட்டுப் போகாது. பக்கத்து வீட்டுக்குக் கடன் கிடைத்தது பக்கத்து வீட்டின் பத்திரங்களைப் பொறுத்தது. அது உங்கள் வீட்டுக்குச் சான்றாகாது. ஆகவே வங்கியோடும் தரகரோடும் தொடர்பில்லாத ஒரு வழக்கறிஞரை நீங்களே தனியாக அமர்த்திக்கொள்ளுங்கள்.

அவரிடம் கொடுப்பதற்கு, சொத்தின் மீது பதிவான விற்பனை, அடமானம் போன்றவற்றைக் காட்டும் வில்லங்கச் சான்றிதழை முப்பது ஆண்டுகளுக்காவது எடுங்கள். பதிவுத்துறையின் இணையதளத்திலேயே பார்த்துக்கொள்ளலாம். ஆனால் அதில் பதிவான ஆவணங்கள் மட்டுமே தெரியும். பதிவு செய்யாத உயிலோ, குடும்பத்துக்குள் வாய்மொழியாக நடந்த பாகப்பிரிவினையோ அதில் வராது. எனவே தாய்ப்பத்திரம் தொடங்கி எல்லா மூலப் பத்திரங்களையும் ஜெராக்ஸாக அல்லாமல் நேரில் பார்க்க வேண்டும். மூலம் வங்கியில் இருக்கிறது என்றால், பாக்கிக் கடன் எவ்வளவு என்று அந்த வங்கியிடமிருந்து எழுத்துமூலம் வாங்கித் தரச் சொல்லுங்கள். குன்னூர் நகராட்சி எல்லைக்குள் என்றால் நகர நில அளவைப் பதிவேட்டின் நகலையும் வரைபடத்தையும் எடுத்து, சர்வேயரை வைத்து நாலு சென்டும் நிலத்தில் இருக்கிறதா என்று அளந்துவிடுங்கள். சரிவில் வெட்டிய மனைகளில் பத்திரத்தின் பரப்பும் நிலத்தின் பரப்பும் ஒத்துப்போகாமல் இருப்பது உண்டு. இடம் வெலிங்டன் கன்டோன்மென்ட் எல்லைக்குள் வருமானால் நிலத்தின் உரிமை பாதுகாப்புத் துறையுடையதா என்ற கேள்வியும் எழும். அதைத் தனியாக விசாரிக்க வேண்டும்.

இதுவரை சொன்னது எந்த ஊருக்கும் பொருந்தும். மலையில் வீடு வாங்குகிறவர்கள் கட்டடத்தையும் மண்ணையும் அதே அளவு கவனமாகப் பார்க்க வேண்டும். 1993-இல் வகுக்கப்பட்ட மலைநகரக் கட்டட விதிகள் உயரத்தை 7 மீட்டருக்குள் கட்டுப்படுத்தின. நம் பக்கத்தில் சாலையிலிருந்து பார்த்தால் ஒரு மாடியாகத் தெரியும் வீடு கீழ்ப்பக்கத்திலிருந்து பார்த்தால் மூன்று மாடியாக நிற்கும். ஆகவே நகராட்சி அனுமதித்த வரைபடத்தைக் கையில் வைத்துக்கொண்டு வீட்டை அறை அறையாக ஒப்பிடுங்கள். அனுமதியில் இல்லாத தளமோ பின்னால் இழுத்துக் கட்டிய அறையோ இருந்தால், சீல் வைக்கும் நோட்டீஸ் வரும்போது பதில் சொல்ல வேண்டியவர் பழைய உரிமையாளர் அல்ல, நீங்கள்தான்.

2009 நவம்பரில் பெய்த மழையில் குன்னூர், கேத்தி பகுதிகளில் மண் சரிந்து நாற்பதுக்கும் மேற்பட்ட உயிர்கள் போனதை இங்குள்ளவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். குன்னூருக்கும் கோத்தகிரிக்கும் வடகிழக்குப் பருவமழையே கனத்த மழை. அதனால் வெயில் அடிக்கும் ஏப்ரல், மே மாதத்தில் ஒரு வீட்டைப் பார்த்து முடிவு செய்துவிடாமல், முடிந்தால் ஐப்பசி, கார்த்திகை மழையிலும் ஒருமுறை போய்ப் பாருங்கள். மேல்பக்கத்துத் தடுப்புச் சுவர் வயிறு தள்ளியிருக்கிறதா, அதில் நீர் வடியும் துளைகள் இருக்கின்றனவா, அவற்றில் தண்ணீர் வருகிறதா அல்லது அடைத்துக்கொண்டு சுவரே கசிகிறதா என்று கவனியுங்கள். மேலே உள்ள வீடுகளின் கழிவுநீரும் மழைநீரும் எந்த வழியாக இறங்குகின்றன, பழைய ஓடையை மூடி அதன்மேல் கட்டியிருக்கிறார்களா என்று ஊரில் வயதானவர்களைக் கேளுங்கள். புதிதாக வெள்ளையடித்த சுவரில் மலைப்புறத்து மூலையை மட்டும் கையால் தொட்டுப் பாருங்கள். ஈரம் அங்குதான் முதலில் தெரியும். மரங்கள் சாய்ந்து நிற்பதும், படிக்கட்டில் குறுக்கு விரிசல் விழுந்திருப்பதும் மண் நகர்வதற்கு அடையாளமாக இருக்கலாம். அப்படி எதையாவது கண்டால் கட்டுமானப் பொறியாளர் ஒருவரின் கட்டணத்தைச் செலவாக எண்ணாதீர்கள்.

வீட்டுவாசல்வரை வண்டி வருமா, படிகளில்தான் ஏற வேண்டுமா, அந்தப் படிப்பாதை யாருடைய நிலத்தில் போகிறது, பாதை உரிமை பத்திரத்தில் எழுதப்பட்டிருக்கிறதா என்பதும் முக்கியம். கோடையில் குழாய்த் தண்ணீர் எத்தனை நாளைக்கு ஒருமுறை வருகிறது என்று பக்கத்து வீட்டு அம்மாவிடம் கேட்டால் உண்மை தெரியும்.

இனி பணக் கணக்கு. ரிசர்வ் வங்கி விதிப்படி 30 லட்சத்துக்கு மேல் 75 லட்சம் வரையிலான வீட்டுக்கடன் வீட்டு மதிப்பில் 80 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. 42 லட்சத்துக்கு அதிகபட்சம் 33 லட்சத்து 60 ஆயிரம். மீதி 8 லட்சத்து 40 ஆயிரத்தோடு, முத்திரைத் தீர்வை 7 சதவீதமும் பதிவுக் கட்டணம் 2 சதவீதமும் சேர்த்து 3 லட்சத்து 78 ஆயிரம் உங்கள் கையிலிருந்து வர வேண்டும். அரசு நிர்ணயித்த வழிகாட்டி மதிப்பு விலையைவிட அதிகமாக இருந்தால் கணக்கு அதன்மேல்தான். ஆக, பன்னிரண்டு லட்சத்துக்கும் மேல். எட்டரை சதவீத வட்டி, இருபது ஆண்டு என்று வைத்துக்கொண்டால் மாதத் தவணை சுமார் 29,000 ரூபாய். முடிவில் கட்டியிருக்கும் தொகை ஏறத்தாழ 70 லட்சம். ஒருவர் சம்பளம் ஆறு மாதம் நின்றாலும் தவணை கட்ட முடியுமா என்று இருவரும் உட்கார்ந்து பேசுங்கள். குழந்தை பிறக்கும் காலத்தையும் அந்தக் கணக்கில் சேருங்கள். மாறும் வட்டிக் கடனை முன்கூட்டியே அடைக்கத் தனிநபர்களிடம் அபராதம் வாங்கக் கூடாது என்பதை நினைவில் வைத்திருங்கள்.

முன்பணத்தைப் பொறுத்தவரை, தமிழ்நாட்டில் 2012 டிசம்பர் முதல் கிரய ஒப்பந்தத்தைப் பதிவு செய்வது கட்டாயம். பதிவு செய்யாத தாளை நம்பி நீதிமன்றம் போனால், அந்தத் தாள் செல்லுமா என்பதையே முதலில் வாதாட வேண்டிவரும். ஆவணம் சரியில்லை என்று தெரியவந்தாலோ கடன் கிடைக்காவிட்டாலோ முன்பணம் இத்தனை நாளுக்குள் திரும்ப வேண்டும் என்ற வரியுடன் ஒப்பந்தம் எழுதி, வாரிசுகள் அனைவரும் கையெழுத்திட்ட பிறகு, சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவு செய்து, பணத்தை வங்கி வழியாகக் கொடுங்கள்.

கடைசியாக, யார் பெயரில் என்ற கேள்வி. இதில் நான் தயங்காமல் சொல்வேன்: இருவர் பெயரிலும் பதிவு செய்யுங்கள். உங்கள் நகை உங்கள் தனிச்சொத்து. மேலும், கடன் தொகையைக் கூட்டுவதற்காக வங்கி உங்கள் சம்பளத்தையும் சேர்க்கும்போது நீங்களும் கடன்தாரர் ஆவீர்கள். பத்திரத்தில் பெயர் இல்லையென்றால் கடனில் முழுப் பொறுப்பும் வீட்டில் உரிமையின்மையும்தான் உங்களுக்கு மிஞ்சும். இருவர் பெயரிலும் இருந்தால், பழைய வருமான வரிமுறையில் இருப்பவர்கள் வட்டிக்கான கழிவை ஆளுக்கு 2 லட்சம் வரை தனித்தனியே கோரவும் வழியுண்டு. யாருக்கு எவ்வளவு பங்கு என்பதைப் பத்திரத்திலேயே எழுதிவிடுங்கள். இதை மாமியாரிடம் நீங்கள் தனியாகப் போய்ச் சொல்ல வேண்டாம். உங்கள் கணவரே தம் தாயாரிடம், 'அம்மா, கடனில் அவளும் கையெழுத்துப் போடுகிறாள், அதனால் பத்திரத்திலும் அவள் பெயர் வரவேண்டும்' என்று சொல்லட்டும்.

கேள்வி: கூடலூர் அருகே செக்‌ஷன் 17 நிலத்தில் வீடு ஒன்று மிகக் குறைந்த விலைக்கு வருகிறது. மின் இணைப்பும் வீட்டுவரி ரசீதும் இருக்கின்றன. அடுத்த மாதம் திருமணம், வாங்கலாமா? – வாசகர், தேவர்சோலை.

பதில்: வாங்க வேண்டாம். ஜென்மிகள் எனப்பட்ட பரம்பரை நிலவுடைமையாளர்களின் உரிமையை ஒழித்த 1969-ஆம் ஆண்டு ஜென்ம நில ஒழிப்புச் சட்டத்தின் 17-ஆவது பிரிவில் வரும் நிலங்களின் உரிமைச் சிக்கல் பல பத்தாண்டுகளாக நீள்கிறது. தலைமுறைகளாக அங்கே வாழும் குடும்பங்களின் கோரிக்கை நியாயமானது. அவர்களுக்குத் தீர்வு கிடைக்க வேண்டும் என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் புதிதாகப் பணம் போடும் நீங்கள் வீட்டை அல்ல, அந்தச் சிக்கலைத்தான் விலைக்கு வாங்குகிறீர்கள். வரி ரசீதும் மின் அட்டையும் குடியிருப்பைக் காட்டும், உரிமையைத் தராது. மசினகுடிப் பக்கம் தேடினாலும், யானை வழித்தட அறிவிக்கையை உச்சநீதிமன்றம் 2020 அக்டோபரில் உறுதி செய்திருப்பதை மனத்தில் கொண்டு, அந்த எல்லைக்குள் வராத இடமா என்று உறுதிசெய்த பிறகே பேசுங்கள்.

கேள்வி: தேயிலைத் தோட்டத்தைப் பிரித்து மூன்று மூன்று சென்டாக விற்கிறார்கள். இப்போது வாங்கிப்போட்டுப் பின்னால் கட்டலாமா? – வாசகர், கோத்தகிரி.

பதில்: மனைப்பிரிவுக்கு அனுமதி எண் இருக்கிறதா என்பதை முதல் கேள்வியாகக் கேளுங்கள். அனுமதியற்ற மனைகளை வரன்முறைப்படுத்தும் திட்டம் 2016 அக்டோபர் 20-க்கு முன் உருவானவற்றுக்குத்தான். இப்போது பிரித்தவற்றுக்கு அந்த வழியில்லை. நகர் ஊரமைப்பு அனுமதியோடு, மலையிடப் பாதுகாப்புக் குழுமத்தின் இசைவும் நிலப் பயன்பாட்டு மாற்றமும் தேவைப்படும். மண் வெட்ட ஜேசிபி கொண்டுவரவும் மாவட்ட நிர்வாகத்தின் முன் அனுமதி வேண்டும். மனைக்குப் பதிலாகத் தோட்டத்தில் 'பிரிபடாத பங்கு' என்று, அதாவது எந்த இடம் உங்களுடையது என்று எல்லை காட்டாமல், பத்திரம் எழுதித் தருவதாகச் சொன்னால், அந்தப் பேச்சை அங்கேயே நிறுத்திவிடுங்கள்.